வெட்டிய பிறகு மரம் காட்டும் அறிகுறிகள்: வீட்டுத் தோட்டக் கவாத்தில் நேரும் பிழைகளும் அவற்றைச் சரிசெய்யும் முறையும்

வீட்டுத் தோட்டத்து மரத்தைக் கவாத்து செய்த பின் அது எதிர்பார்த்தபடி தழைக்காமலோ பூக்காமலோ போனால், மரத்துக்கு நோய் வந்துவிட்டது என்று எண்ணிப் பலரும் மருந்துக் கடையை நோக்கிப் போகிறார்கள். ஆனால் வெட்டுக்குப் பின் ஓரிரு ஆண்டுகளுக்குள் தென்படும் கோளாறுகளில் பெரும்பகுதி, வெட்டு எந்த இடத்தில் முடிந்தது, எந்த மாதத்தில் செய்யப்பட்டது, எவ்வளவு தழையை எடுத்தது என்ற மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடும். இம்மூன்றிலும் முதலாவதே முக்கியமானது. இடம் சரியாக அமைந்தால் மற்ற இரண்டில் நேரும் சிறு பிசகுகளை மரம் தானே சமாளித்துக்கொள்ளும். தமிழ்நாட்டுச் சமவெளி வீடுகளில் சாதாரணமாக நிற்கும் மா, வேம்பு, பலா, கொய்யா, முருங்கை, தென்னை முதலியவற்றை மனத்தில் கொண்டு இவ்வழிமுறை எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் மரத்தில் தெரியும் அறிகுறிக்கு நேரே போகலாம் என்றாலும், முதல் பகுதியை மட்டும் தவிர்க்காமல் படித்துவிடுவது நல்லது.

எந்த அறிகுறியானாலும் முதலில் வெட்டுவாயைப் பாருங்கள்

கிளை ஒன்று அடிமரத்தோடு சேரும் இடத்தை உற்றுப் பார்த்தால், கவையின் மேற்புறத்தில் பட்டை நெருங்கிச் சுருங்கி ஒரு கருத்த மேடாக இறங்குவதும், கீழ்ப்புறத்தில் கிளையின் அடி சற்றே புடைத்து மோதிரம்போல் நிற்பதும் தெரியும். அந்தப் புடைப்பைக் கிளையின் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். கொய்யாவில் பட்டை வழவழப்பாக இருப்பதால் கழுத்து தெளிவாகத் தெரியும். முதிர்ந்த வேம்பிலும் மாவிலும் கையால் தடவித்தான் கண்டுபிடிக்க முடியும். கழுத்து அடிமரத்துக்குச் சொந்தமானது. கிளை பட்டுப்போனால் அழுகல் அடிமரத்துக்குள் இறங்காமல் தடுக்கும் வேலையை மரம் அந்த இடத்தில்தான் செய்கிறது.

அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்ற ஆய்வாளர், ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்து, பழைய வெட்டுகளின் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று பார்த்தார். மரத்தின் காயம் நம் தோலின் காயத்தைப்போல ஆறுவதில்லை. காயப்பட்ட கட்டையைச் சுற்றி மரம் தடுப்புச் சுவர்களை எழுப்பி அதைப் புறம்பாக்கிவிட்டு, அதன் மேல் புதுக் கட்டையை வளர்த்துக்கொண்டு போகிறது என்பதை அவருடைய ஆய்வுகள் விளக்கின. அதுவரை நல்ல வேலை என்று கருதப்பட்ட, அடிமரத்தோடு மட்டமாகச் சீவிவிடும் வெட்டுதான் அந்தச் சுவர்களை அதிகமாகக் குலைக்கிறது என்பதும் அதனால் தெரிந்தது.

ஆகவே வெட்டுவாய் மூன்று நிலைகளில் ஒன்றாக இருக்கும். கழுத்துக்குச் சற்று வெளியே முடிந்திருந்தால் சரி. கழுத்தையும் சேர்த்துச் சீவியிருந்தால் காயம் முட்டை வடிவில் பெரிதாக இருக்கும். வெட்டிய கிளையின் அடித்துண்டு கழுத்தைத் தாண்டி ஒரு சாண், இரு சாண் முளைக்குச்சிபோல நீட்டிக்கொண்டிருந்தால், அந்த முளை காய்ந்து உளுக்கும். உங்கள் மரம் இவற்றில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அறிகுறி: வெட்டிய இடத்தைச் சுற்றித் துளிர்கள் புதராகக் கிளம்பி, மரம் முன்னைவிட வேகமாக உயர்கிறது

மரத்தை மொட்டையடித்ததன் நேரடி விளைவு இது. ஐப்பசி மழைக்கு முன் பயந்துகொண்டு வேம்பையோ புங்கனையோ ‘பத்தடி இறக்கு’ என்று சொல்லி, தடித்த கிளைகளை எந்தக் கவையும் பாராமல் நடுவில் துண்டித்தால், அடுத்த பருவத்தில் ஒவ்வொரு முண்டத்தின் விளிம்பிலும் கொத்துக் கொத்தாக நீர்ப்போத்துகள், அதாவது நேராக வேகமாக ஓங்கும் துளிர்கள், எழும். நுனி மொட்டுகள் இருந்தவரை அடங்கியிருந்த உறங்கு மொட்டுகள் நுனி போனதும் விழித்துக்கொள்கின்றன. வேர்களிலும் அடிமரத்திலும் சேர்த்து வைத்திருந்த உணவு முழுவதையும் மரம் அவற்றுக்குள் செலுத்துகிறது. இழந்த இலைப்பரப்பை மீட்க அதற்கு வேறு வழி இல்லை.

இப்போத்துகளின் ஆபத்து அவற்றின் பிடிமானத்தில் இருக்கிறது. இயல்பாகப் பிறந்த கிளை, மரம் இளையதாக இருந்த நாளிலிருந்தே ஆண்டுக்கு ஆண்டு கட்டைக்குள் பதிந்து வளர்ந்தது. நீர்ப்போத்தோ வெளிப்புறக் கட்டையின் மேலடுக்கில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பெருவிரல் பருமனுள்ள ஒரு வேப்பம்போத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். அடியில் கொஞ்சம் பட்டையையும் சீவல்போல மெல்லிய கட்டையையும் பிய்த்துக்கொண்டு அது முழுதாகக் கையோடு வந்துவிடும். அதே போத்து ஆறேழு ஆண்டுகளில் தொடைப் பருமனாகி, அடியில் முண்டமும் உளுத்திருக்கும்போது, புயல் காற்றில் எப்படி நிற்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காற்றுக்குப் பயந்து மொட்டையடித்த மரம் சில ஆண்டுகளில் முன்னைவிடக் காற்றுக்கு ஆபத்தான மரமாக மாறுவது இவ்வாறுதான்.

சரிசெய்யும் முறை பொறுமையானது. எல்லாப் போத்துகளையும் ஒரே நாளில் களைந்துவிடாதீர்கள். களைந்தால் மரம் மீண்டும் அதே அளவு போத்துகளை எழுப்பும், சேமிப்பு மட்டும் கரையும். முதல் ஆண்டில் அடிமரத்தில் தாழ்வாக முளைப்பவற்றை இளந்துளிராக இருக்கும்போதே கட்டைவிரலால் நெருடி எடுத்துவிட்டு, மேலே உள்ளவற்றை வளர விடுங்கள். இரண்டாம் ஆண்டில் ஒவ்வொரு முண்டத்திலும் வெளிப்புறம் நோக்கிச் சாய்ந்து, நல்ல பிடிமானத்தோடு நிற்கும் இரண்டு மூன்று போத்துகளைத் தேர்ந்துகொண்டு, அவற்றோடு உரசுபவற்றையும் நேராக விறைத்து எழுபவற்றையும் அடியோடு எடுங்கள். அதன் பின் வரும் ஆண்டுகளில் தேர்ந்த போத்துகளில் ஒன்றைத் தலைமைக் கிளையாக விட்டு, மற்றவற்றைப் பக்கக்கிளை வரை குறைத்துக்கொண்டு வரலாம். இக்காலத்தில் யூரியாவும் அதிகத் தண்ணீரும் கொடுப்பது போத்துகளை மேலும் தூண்டும். மக்கிய எருவும் மூடாக்கும் போதும்.

மரத்தின் உயரத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் அதற்கு வேறு வெட்டு இருக்கிறது. குறைக்க வேண்டிய கிளையின் மேல் கீழ்நோக்கி வாருங்கள். அந்தக் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கும் பக்கக்கிளை எங்கே பிரிகிறதோ, அங்கே அந்தக் கவைக்குச் சற்று மேலே வெட்டை முடியுங்கள். வெட்டும் இடத்தில் கிளை 9 செ.மீ. பருமன் என்றால், பக்கக்கிளை 3 செ.மீ.யாவது இருக்க வேண்டும். அந்தப் பக்கக்கிளை புதிய நுனியாகப் பொறுப்பேற்றுக்கொள்வதால் உறங்கு மொட்டுகள் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். வேலை முடிந்த பின் தெருவில் நின்று பார்ப்பவருக்கு மரம் வெட்டப்பட்டதே தெரியக்கூடாது. தெரிந்தால் அது மொட்டையடிப்புதான்.

அளவைக் குறித்தும் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். கிளையும் தழையும் சேர்ந்த மரத்தின் குடையைக் கவிகை என்போம். உருண்டையாகத் தழைத்த கவிகையின் ஆரம் 5 மீட்டர் என்றால், அதைச் சுற்றிலும் 1 மீட்டர் மட்டும் குறைத்து 4 மீட்டராக்கினாலே கவிகையின் கன அளவில் ஏறத்தாழப் பாதி போய்விடும். இலைகளில் பெரும்பகுதி வெளிப்புறத்தில்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இழப்பு இன்னும் அதிகம். ‘கொஞ்சம்தான் எடுத்தேன்’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கிளையின் நீளத்தை நினைத்துச் சொல்கிறார்கள். ஒரு பருவத்தில் தழையில் கால் பங்குக்கு மேல் எடுக்காமல் இருப்பது பொதுவான வரம்பு. முதிர்ந்த மரத்துக்கு அதுவும் அதிகம்; இளமரம் ஓரளவு தாங்கும்.

அறிகுறி: வெட்டுவாய் மூடவில்லை, நடுப்பகுதி கறுத்து மெத்தென்று ஆகிறது

சரியான இடத்தில் வெட்டிய காயத்தைச் சுற்றி அடுத்த ஆண்டே புதுப்பட்டை நான்கு பக்கமும் ஒரே அளவாக உருண்டு, முழு வளையமாக உள்நோக்கி வரும். கழுத்தைச் சீவிய காயத்திலோ இடப்புறமும் வலப்புறமும் மட்டும் பட்டை தடித்து வர, மேலும் கீழும் வெறுமையாகக் கிடக்கும். அந்த இரு முனைகளில்தான் பட்டை பட்டுப்போய்க் கரையான் ஏறத் தொடங்கும். ஆக, பல ஆண்டுகளுக்கு முன் யாரோ போட்ட வெட்டைக்கூட அதன் விளிம்பைப் பார்த்தே மதிப்பிட்டுவிடலாம்.

சீவிய காயத்தை இனித் திருத்த வழியில்லை. அழுகிய கட்டையைத் தோண்டிச் சுரண்டி, பொந்துக்குள் சிமெண்டை அடைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தோண்டும்போது மரம் எழுப்பிய தடுப்புச் சுவரையே உடைத்து, நல்ல கட்டைக்குள் அழுகலுக்கு வழி விடுகிறோம் என்பதால் அதைச் செய்யக்கூடாது. தளர்ந்து விழும் துகளை மட்டும் கையால் எடுத்துவிட்டு, அடுத்த வெட்டைச் சரியாகப் போடுவதில் கவனம் செலுத்துங்கள்.

முளை நீட்டிக்கொண்டிருந்தால் திருத்தலாம். காய்ந்த முளையின் அடியில் உயிருள்ள பட்டை ஒரு வளையமாகத் தடித்து ஏறியிருக்கும். அந்த வளையத்தைத் துளியும் காயப்படுத்தாமல், அதை ஒட்டிக் காய்ந்த பகுதியை மட்டும் கூரிய கை ரம்பத்தால் அறுத்து எடுங்கள். வளையம் முளையின் மேல் நெடுந்தூரம் ஏறியிருந்தாலும் அது நிற்கும் இடத்தில்தான் வெட்ட வேண்டும். அழகுக்காக உள்ளே போகக் கூடாது.

வெட்டுவாயில் என்ன பூசுவது என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. தார், பெயிண்ட், சாணி ஆகியவை அழுகலைத் தடுப்பதில்லை. அவற்றின் அடியில் ஈரம் தங்குவதற்கே வாய்ப்பு அதிகம். 5 செ.மீ.க்கு உட்பட்ட காயத்துக்கு எதுவும் பூச வேண்டியதில்லை. மா, எலுமிச்சை போன்றவற்றில் பெரிய வெட்டு தவிர்க்க முடியாமல் போய், பூஞ்சணத் தொல்லையும் அத்தோட்டத்தில் இருக்குமானால், போர்டோ பசை பூசலாம். அது பூஞ்சணக் கொல்லியாக வேலை செய்கிறது. காயத்தை மூடிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 100 கிராம் மயில்துத்தத்தையும் 100 கிராம் நீற்றுச் சுண்ணாம்பையும் தனித்தனியாக அரை லிட்டர் தண்ணீரில் பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரங்களில் கரைத்து, பின்பு ஒன்றாகக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. கலவைக்குள் ஒரு பளபளப்பான கத்தியைச் சிறிது நேரம் நனைத்தெடுத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். கலந்த அன்றே பூசிவிட வேண்டும்.

அறிகுறி: கிளை விழும்போது பட்டை நாராகக் கிழிந்து அடிமரம் வரை இறங்கிவிட்டது

கனமான கிளையை மேலிருந்து ஒரே வெட்டில் அறுத்தால் இப்படித்தான் நடக்கும். தொங்கும் பட்டையை ஆணி அடித்து ஒட்டவைக்க முயலாதீர்கள். உயிருள்ள பட்டை எதுவரை கட்டையோடு இறுகியிருக்கிறதோ அதுவரை மட்டும், தளர்ந்த ஓரங்களைக் கூரிய கத்தியால் சீராக நறுக்கிவிட்டால் போதும்.

அடுத்த முறை மூன்று வெட்டாகப் போடுங்கள். அடிமரத்திலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ. தள்ளி, முதலில் கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு அறுங்கள். பிறகு அதற்கு நாலைந்து விரல் வெளியே தள்ளி மேலிருந்து அறுத்தால், கிளை கிழியாமல் முறிந்து விழும். எஞ்சிய முளை இலேசாக இருப்பதால், கழுத்துக்கு வெளியே கடைசி வெட்டை அவசரமின்றி முடிக்கலாம். அரிவாளால் கொத்துவதைவிட ரம்பம் மேலானது என்று சொல்வதற்கும் காரணம் இதுவே: கொத்தில் வெட்டு முடியும் இடத்தை நாம் தீர்மானிப்பதில்லை.

அறிகுறி: கவாத்துக்குப் பின் மா நன்றாகத் தழைத்தது, ஆனால் பூக்கவில்லை

மாவின் பூங்கொத்து, முதிர்ந்த கொப்பின் நுனியிலிருந்து புறப்படுகிறது. அந்தக் கொப்பு துளிர்த்து, இலை கரும்பச்சையாகி, சில மாதங்கள் ஓய்ந்து நின்றால்தான் மார்கழி, தைக் குளிரில் பூமொட்டாக மாறும். நீங்கள் கார்த்திகையில் வெட்டியிருந்தால் பூக்க இருந்த நுனிகளையே வெட்டியிருக்கிறீர்கள். புரட்டாசி, ஐப்பசியில் வெட்டியிருந்தால், மழையோடு சேர்ந்து வந்த துளிர்கள் பூக்கும் பருவத்தில் இன்னும் சிவந்த இளந்தளிராகவோ, அப்போதுதான் பச்சையானவையாகவோ இருக்கும். இரண்டிலும் மரத்துக்குக் குறை ஏதுமில்லை. ஓராண்டுக் காய்ப்பு தவறியிருக்கிறது, அவ்வளவுதான். மருந்து எதுவும் தேவையில்லை.

மாவுக்கு ஏற்ற காலம் அறுவடை முடிந்த உடனே, அதாவது ஆடி முதல் ஆவணி வரை. அப்போதும் முதலில் எடுக்க வேண்டியவை காய்ந்த கிளைகள், ஒன்றோடொன்று உரசும் கிளைகள், மரத்தின் நடுவில் நேராக எழுந்து வெளிச்சத்தை மறைக்கும் ஒன்றிரண்டு கிளைகள். நடுப்பகுதி திறந்து உள்ளே வெயில் விழுந்தால் தத்துப்பூச்சித் தொல்லையும் குறையும். காய் பறித்த கொப்பில் எஞ்சியிருக்கும் காம்புகளை நுனியோடு சிறிது கிள்ளிவிட்டாலே பக்கத்துளிர்கள் சீராக வரும்.

மிக உயர்ந்து, உள்ளே வெறும் கட்டையாகிக் காய்ப்பு ஓய்ந்த பழைய மரமாக இருந்தால், தடித்த கிளைகளைத் துணிந்து குறைத்துப் புதுப்பிக்கும் முறை உண்டு. லக்னோவில் உள்ள மத்திய மிதவெப்பமண்டலத் தோட்டக்கலை நிறுவனம் பழைய மாந்தோப்புகளுக்கு இதைப் பரிந்துரைத்தது. மீண்டும் காய்க்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். தண்டுத் துளைப்பானைக் கண்காணிப்பதும், எழும் போத்துகளில் தேவையானவற்றை மட்டும் விட்டுக் கலைப்பதும் அந்த ஆண்டுகள் முழுவதும் தொடர வேண்டும். தோப்புக்காரருக்கு இது கட்டுப்படியாகும். வாசலில் ஒற்றை மரம் வைத்திருப்பவர், ஆண்டுக்கு ஒரு பெரிய கிளை என்று பிரித்துச் செய்தால் நிழலும் போகாது, காய்ப்பும் முற்றிலும் நிற்காது.

கொய்யாவின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அது புதுத்துளிரில் பூப்பதால், நுனிகளை 10 முதல் 15 செ.மீ. வரை வெட்டிவிட்டால் பக்கத்துளிர்கள் வந்து காய்ப்பு கூடும். கொய்யா காய்க்கவில்லை என்றால் பெரும்பாலும் போதிய அளவு கவாத்து செய்யவில்லை என்றே பொருள். பலாவில் வேறு பிழை நேர்கிறது. பலா அடிமரத்திலும் தாய்க் கிளைகளிலும், இலையோடு கூடிய சிறு குச்சிகளில் காய்க்கிறது. அடிமரத்தைச் ‘சுத்தம்’ செய்வதாக நினைத்து அக்குச்சிகளைச் செதுக்கிவிட்டுக் காயில்லை என்று வருந்துபவர்கள் பலர். சப்போட்டாவில், ஒட்டுக்குக் கீழே, அடிச்செடியாக உள்ள பாலா என்ற வேறு மரத்திலிருந்து எழும் தளிரை மட்டும் தவறாமல் கிள்ளுங்கள். அதற்கு மேல் அந்த மரத்துக்குக் கவாத்து அதிகம் வேண்டியதில்லை.

மா வெட்டும்போது வழியும் பால் தோலில் பட்டால் சிலருக்குக் கொப்புளம் எழும். மாவும் முந்திரியும் ஒரே குடும்பம். முழுக்கைச் சட்டையும் கண்ணுக்குக் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள்.

அறிகுறி: உட்கிளைகளின் மேல்பட்டை வெடித்து உரிகிறது, அதுவும் மேற்குப் பக்கத்தில் மட்டும்

ஆண்டுக்கணக்கில் நிழலில் இருந்த பட்டை, தழை போனதும் நேரடி வெயிலில் வெந்துவிட்டது. பங்குனி, சித்திரையில் அதிகத் தழையை எடுத்த மரங்களில் இதை அதிகமாகப் பார்க்கலாம். வெயில் படும் பக்கத்துக்கு நீர்த்த சுண்ணாம்பு அடித்து, அக்கிளைகளில் துளிர்க்கும் போத்துகளைக் களையாமல் நிழலுக்காக விட்டுவையுங்கள். வெடித்த பட்டை இறுகியிருக்கும் வரை உரிக்க வேண்டாம்.

அறிகுறி: வேம்பின் கொப்பு நுனிகள் எங்கும் காய்ந்து தொங்குகின்றன

அண்மைக் காலங்களில் மழைக்குப் பிந்தைய மாதங்களில் தமிழகத்தின் பல பகுதிகளில் வேப்பமரங்கள் தீப்பட்டவைபோல் பழுப்பேறி நிற்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். தேயிலைக் கொசு எனப்படும் நாவாய்ப்பூச்சி இளங்கொப்புகளில் சாறு உறிஞ்சுவதும், பூஞ்சணம் அக்கொப்புகளைத் தாக்குவதும் நுனிக்கருகலுக்குக் காரணங்கள். இதைக் கவாத்தின் விளைவு என்றோ, மரம் செத்துவிட்டது என்றோ எண்ணி வெட்டிவிடாதீர்கள். பெரும்பாலான மரங்கள் மாசி, பங்குனியில் புதுத்தழை விட்டு மீண்டுவிடுகின்றன. துளிர் வந்த பின், உயிருள்ள பகுதி எது, காய்ந்தது எது என்பது தெளிவாகத் தெரியும். அப்போது காய்ந்தவற்றை மட்டும் எடுத்து அப்புறப்படுத்துங்கள். முன்கூட்டியே மொட்டையடித்தால், எழும் இளந்துளிர்களே அந்தப் பூச்சிக்கு அடுத்த விருந்தாகும்.

அறிகுறி: பட்டையில் துளை, அடியில் மரத்தூள்

மாவில் தண்டுத் துளைப்பான் புழு உள்ளே இருக்கிறது. தாய்வண்டு பட்டையின் வெடிப்புகளிலும் காயங்களிலும் முட்டையிடுவதால், கிழிந்த வெட்டும் காய்ந்த முளையும் அதற்கு வசதியான இடங்கள். தூள் ஈரமாகவும் புதிதாகவும் இருந்தால் புழு உயிரோடு இருக்கிறது. துளையைத் துடைத்து, முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டுப் புழுவை இழுத்தெடுத்து, களிமண்ணால் அடையுங்கள். அடைத்த இடத்தில் மறுபடி தூள் தள்ளினால் திரும்பச் செய்ய வேண்டும்.

ஒரு கிளையில் மட்டும் வேறு வகை இலை அடர்ந்திருந்தால் அது புல்லுருவி. இலையைப் பறிப்பதால் பயனில்லை. அதன் உறிஞ்சுவேர் கட்டைக்குள் இருப்பதால், ஒட்டியிருக்கும் இடத்துக்கு ஓரடி கீழே தாய்க் கிளையையே, அது பூத்துப் பறவைகள் பழத்தை எடுத்துச் செல்லும் முன் வெட்டி எடுக்க வேண்டும்.

அறிகுறி: உள்ளே நன்றாகச் ‘சுத்தம்’ செய்த மரம் காற்றில் முன்னைவிட அதிகமாக ஆடுகிறது

உட்பக்கச் சிறுகிளைகளை முழுவதும் வழித்தெடுத்து, நுனியில் மட்டும் தழையை விட்டிருக்கிறார்கள். எடை முழுவதும் நுனிக்குப் போய்விட்டதால் நீண்ட கிளை நடுவில் முறியும். மரம் ஏறுபவருக்கு உட்கிளைகள் எட்டும், நுனி எட்டாது. இப்பிழை இவ்வளவு பரவலாக இருப்பதற்கு அதுவே காரணம். உள்ளே எழும் துளிர்களை இனிக் களையாமல் விட்டு, நீண்ட கிளைகளின் நுனியை முன்சொன்ன மூன்றில் ஒரு பங்கு விதிப்படி பக்கக்கிளை வரை குறைத்தால், சில ஆண்டுகளில் எடை உள்ளே திரும்பும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்தபோது சென்னையில் மரங்கள் பெருமளவில் சாய்ந்த பிறகு, மரம் என்றாலே முன்கூட்டி வெட்டிவிடும் வழக்கம் கூடிவிட்டது. வேரோடு சாயும் மரத்துக்கும் கிளை முறியும் மரத்துக்கும் காரணங்கள் வேறு. சுற்றிலும் சிமெண்ட் பூசி, குழாய்க்குப் பள்ளம் தோண்டி ஒரு பக்க வேரை அறுத்த மரத்தை எவ்வளவு கவாத்து செய்தாலும் வேர்ப்பிடிப்பு திரும்பாது.

இவ்விதிகளுக்குள் அடங்காதவை: முருங்கையும் தென்னையும்

முருங்கையை மொட்டையடிக்கலாம், அடிக்கவும் வேண்டும். பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம்.-1 போன்ற செடிமுருங்கையை 75 செ.மீ. உயரத்தில் நுனி கிள்ளிவிட்டு, காய்ப்பு ஓய்ந்ததும் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் வெட்டினால், புதிய கிளைகளில் நாலைந்து மாதங்களில் மறுபடி காய்க்கத் தொடங்கும். அதன் கட்டை மென்மையானது. உயர விட்டால் ஆடிக்காற்றில் தானே முறிந்துகொள்ளும்.

தென்னைக்குக் கவிகைக் குறைப்பு என்ற ஒன்றே இல்லை. அதற்கு இருப்பது ஒரே குருத்து; அதை வெட்டினால் மரம் போயிற்று. காய்ந்து தொங்கும் மட்டையை மட்டும் எடுங்கள். பச்சை மட்டையை எடுத்தே ஆக வேண்டும் என்றால், மட்டையடியை 120 செ.மீ. விட்டு வெட்டுங்கள்; தண்டை ஒட்டி வெட்டினால் அந்த வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து, காயத்தின் வழியே தண்டுக்குள் இறங்கிவிடும்.

அறிகுறி: அடிமரத்தில் தட்டுத்தட்டாகக் காளான், அல்லது கவையில் நெடுக்கு வெடிப்பு

இங்கே கவாத்துக் கத்தரியைக் கீழே வைத்துவிடுங்கள். அடிமரத்தை ஒட்டி, மேலே செம்பழுப்பாக வார்னிஷ் பூசியதுபோல மினுங்கும் கெட்டியான காளான் தோன்றினால், வேரும் அடிக்கட்டையும் உள்ளே அழுகிக்கொண்டிருக்கின்றன. மேலே தழை பச்சையாக இருப்பது ஆறுதல் தராது. இரண்டு சமப் பருமனுள்ள தண்டுகள் குறுகிய கவையாக எழும்பும் மரத்தில், நடுவே பட்டை மடிந்து சிக்கியிருந்தால் அந்த இணைப்பு தொடக்கத்திலிருந்தே பலவீனமானது. அதில் புதிய வெடிப்பும், மழை நாளில் கசியும் ஈரமும் தெரிந்தால், அதன் கீழ் வண்டியை நிறுத்துவதையும் குழந்தைகள் விளையாடுவதையும் அன்றே நிறுத்திவிட்டு, கயிறு கட்டிக் கிளைகளைத் துண்டு துண்டாக இறக்கத் தெரிந்தவரை அழைக்க வேண்டும். கிளை மின்கம்பியைத் தொட்டுக்கொண்டோ அதற்கு அருகிலோ இருந்தால், முதலில் மின்வாரியத்தின் பகுதி அலுவலகத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பின்தான் யாரும் ஏறலாம். ஈரமான பச்சைக் கிளையும் அலுமினிய ஏணியும் மின்சாரத்தைக் கடத்தும். மதிலுக்கு வெளியே சாலையோரம் நிற்கும் மரமாக இருந்தால், நீங்களே நட்டு வளர்த்ததாக இருந்தாலும் உள்ளாட்சி அமைப்பின் அனுமதி தேவை.

வெட்டுபவரிடம் கூலி பேசும்போது, விறகை அவருக்கே விட்டுக் கூலியைக் குறைத்துக்கொள்ளும் வழக்கத்தைத் தவிருங்கள். தடித்த கிளையாக எடுத்தால்தான் அவருக்கு லாபம் என்றாகிவிடும். எத்தனை அடி இறக்க வேண்டும் என்று சொல்லாமல், எந்தக் கிளையை எந்தக் கவை வரை எடுக்க வேண்டும் என்பதை அவர் ஏறுவதற்கு முன்பே கீழிருந்து காட்டி, அந்த இடங்களில் துணியோ சுண்ணாம்போ வைத்து அடையாளமிட்டு, ஒவ்வொரு பெரிய கிளை இறங்கிய பின்னும் சற்றுத் தள்ளிப் போய் நின்று பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்லுங்கள்.